யார் இந்த சிட் பாரெட்? தடுமாறிய குரலோடு வந்த ஆல்பம் இன்றும் பேசப்படுவது ஏன்?

உலகப் புகழ்பெற்ற 'பிங்க் ஃபிளாய்ட்' ராக் இசைக்குழுவுக்குப் பெயர் வைத்தவரே சிட் பாரெட்தான். 1946-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். 1967-ல் வந்த முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்கள் இவர் எழுதியவை. ஆனால், போதைப் பழக்கமும் மனநல பாதிப்பும் சேர, 1968-ல் குழுவிலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று.

1970 ஜனவரியில் முதல் தனி ஆல்பம் 'தி மேட்கேப் லாஃப்ஸ்' வெளியானது. சில பாடல்களில் ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், ஒரு குரல், அவ்ளோதான். கடைசிக் கட்டத்தில் கைகொடுத்தவர்கள் பழைய தோழர்கள் டேவிட் கில்மரும் ரோஜர் வாட்டர்ஸும். பாரெட் தடுமாறி, பாதியில் நிறுத்தி, மறுபடி தொடங்குவதைக்கூட அவர்கள் வெட்டவில்லை.

சிக்கலே இங்கதான். உடைந்துபோன மனிதரை இப்படியா காட்டுவது என்று சிலர் கேட்டனர். ஒளிவுமறைவில்லாத நேர்மை என்றனர் வேறு சிலர். பிரிட்டன் தரவரிசையில் 40-வது இடம்தான் கிடைத்தது. ஆனாலும் அந்த ஆண்டே இரண்டாவது ஆல்பமும் வந்தது.

பிறகு இசையையே விட்டுவிட்டு, கேம்பிரிட்ஜில் ஓவியம், தோட்டம் என ஒதுங்கி வாழ்ந்தார். 2006-ல் 60 வயதில் காலமானார். அந்தத் தடுமாற்றம் கலையா, வலியா? கேட்பவர்கள் இன்றும் ஒரு முடிவுக்கு வரவில்லை.