நோயின் பிறப்பிடம் கண்டவர்

சரீரத்தில் ஓரிடத்தில் தோன்றும் துன்பத்திற்கு மூலகாரணம் வேறோரிடத்தில் மறைந்திருக்கக்கூடும். தேசத்தைப் பீடிக்கும் துன்பங்களும் பெரும்பாலும் அவ்விதமே. இவ்விரண்டு உண்மைகளையும் இருபத்தேழு வயது நிரம்புமுன்னரே கண்டு, முன்னதை வைத்திய உலகத்துக்கும் பின்னதைத் தம்மை ஆண்ட ராஜாங்கத்துக்கும் அஞ்சாது எடுத்துரைத்தவர் ஜெர்மானிய வைத்தியர் ருடால்ப் விர்ச்சோ. பொதுஜன ஊழியத்தில் ஈடுபட்டிருக்கும் நமது நேயர்கள் இவரது சரித்திரத்தை அறிந்துகொள்வது அவசியமென்று நாம் கருதுகிறோம்.

விர்ச்சோ 1821-ம் வருஷம் அக்டோபர் 13-ந் தேதி, பிரஷ்யா ராஜ்யத்தைச் சேர்ந்த பொமரேனியா மாகாணத்தில் ஷீவல்பைன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து தேசத்தில் அடங்கியிருக்கிறது. தகப்பனார் விவசாயி, ஊரின் பொக்கிஷக் கணக்கையும் கவனித்து வந்தவர். பெருஞ்செல்வம் படைத்த குடும்பமன்று. ஆகவே, சேனைக்கு வைத்தியர்களைத் தயார் செய்வதற்காக ராஜாங்கம் பெர்லினில் நடத்திவந்த கலாசாலையில் 1839-ல் சேர்ந்து படித்தார். 1843-ல் பட்டம் பெற்று, அந்நகரின் ஷாரிட்டே வைத்தியசாலையில் பிரேத பரிசோதனைச் சாலையில் அமர்ந்தார்.

அக்காலத்து வைத்தியர்களைத் திகைக்கச் செய்த மரணம் ஒன்று உண்டு. பிரசவித்த ஸ்திரீயோ, எலும்பு முறிந்து படுத்தவனோ, ரண சிகிச்சை செய்துகொண்டவனோ நாளுக்கு நாள் தேறி வருவார்கள். எழுந்து நடமாடத் தொடங்கும் சமயத்தில் திடீரென்று மூச்சு முட்டும். சில நிமிஷங்களில் உயிர் போய்விடும். பிரேதத்தை அறுத்துப் பார்த்தால், இருதயத்திலிருந்து சுவாசப்பைக்கு ரத்தத்தைக் கொண்டு செல்லும் தமனியை உறைந்த ரத்தக் கட்டி அடைத்துக்கொண்டிருக்கும். அக்கட்டி அந்த இடத்திலேயே அழற்சியால் உண்டானதென்பது பலருடைய கொள்கை. பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் குரூவேலியே, ரத்தக் குழாயின் அழற்சியே ஏறக்குறைய எல்லா வியாதிகளுக்கும் அடிப்படையென்று போதித்து வந்தார். அவருடைய புகழுக்கு முன் எதிர்வாதம் செய்வார் அரியர்.

இளைஞர் விர்ச்சோ எவருடைய புகழையும் பிரமாணமாகக் கொள்ளவில்லை. சுவாசப்பையில் கட்டி காணப்பட்ட பிரேதங்களில் அவர் கால்களின் சிரைகளையும் திறந்து பார்த்தார். சிரையென்பது அவயவங்களிலிருந்து ரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். அவற்றிலும் கட்டிகள் இருந்தன. சிலவற்றின் நுனி முறிந்திருந்தது. சுவாசப்பையில் கிடைத்த துண்டு அந்த முறிவோடு பொருந்திற்று. இதனால் திருப்தியடையாமல், நாய்களின் கழுத்துச் சிரைக்குள் ரப்பர்த் துண்டுகளையும் உறைந்த ரத்தத் துண்டுகளையும் விட்டுப் பரிசோதித்தார். அவை ரத்த ஓட்டத்தோடு இருதயத்தைக் கடந்து சுவாசப்பைத் தமனியில் போய்ச் சிக்கின. மார்பில் கொல்லும் நோய் காலில் பிறக்கிறது என்பது இவ்விதம் ருசுவாயிற்று. 1846-ல் இம்முடிவை வெளியிட்டபோது அவருக்கு வயது இருபத்தைந்துக்கு மேற்படவில்லை. குழாய்க்குள் ரத்தம் உறைவதற்குத் திராம்போஸிஸ் என்றும், உறைந்தது பெயர்ந்து சென்று வேறோரிடத்தை அடைப்பதற்கு எம்பொலிஸம் என்றும் அவர் இட்ட பெயர்களையே உலகம் இன்றும் வழங்குகிறது.

ரத்தம் குழாயினுள் ஏன் உறைகிறது? ஓட்டம் தேங்குதல், குழாயின் சுவர் பழுதுபடுதல், ரத்தத்தின் தன்மை மாறுதல் என மூன்று காரணங்களை இன்று மாணாக்கர்கள் அவருடைய பெயராலேயே படிக்கிறார்கள். அப்படி ஒரு மும்மையாகத் தொகுத்துப் பெயரிட்டவர்கள் பிற்காலத்தவர்; ஆயினும் அதற்கு வித்திட்டது அவருடைய ஆராய்ச்சியே.

இதன் பயன் சாமானியமானதன்று. நோய் பிறக்குமிடம் தெரிந்தபின் மரணத்துக்கு முன்பே அதைக் கண்டுபிடிக்க வழி பிறந்தது. ஒரு கால் மாத்திரம் வீங்கி, கெண்டைச் சதை வலித்து, தொட்டால் சூடாக இருந்து, நிறமும் மாறுமானால் சிரையில் ரத்தம் உறைந்திருப்பதாகச் சந்தேகிக்க வேண்டும். அக்காலைத் தைலமிட்டுத் தேய்க்கலாகாது, கட்டி பெயரக்கூடும். தாமதியாமல் வைத்தியரிடம் காட்டினால் ஒலியலைப் பரிசோதனையால் கட்டியைக் கண்டுகொள்வார். திடீர் மூச்சுத் திணறலோ, மூச்சிழுக்கையில் மார்வலியோ, கோழையில் ரத்தமோ கண்டால் ஒரு நிமிஷமும் வீணாக்கலாகாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் 1916-ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. வார்பரின் என்னும் மருந்து 1954-ல் மனிதருக்கு வழங்க அனுமதிக்கப்பட்டது. ரண சிகிச்சை ஆனவரை இன்று இயன்ற விரைவில் எழுப்பி நடக்கச் செய்வதற்கும், ஓட்டம் தேங்கவிடலாகாது என்பதே முக்கிய காரணம்.

தமனிகள் தடித்துக் குறுகும் வியாதி வேறு. அதில் சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் தணியும். நாளடைவில் பாதம் சில்லிட்டு, புண் ஆறாமலும் போகும். அந்தத் தடிப்பு வெளியிலிருந்து வந்து படிந்ததன்று, குழாயின் சுவருக்குள்ளேயே நிகழும் மாறுதலென்று விர்ச்சோ வாதித்தார். புகையிலையும் நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் அதை வளர்க்கின்றன என்று இன்று அறிவோம். புகையிலையை அறவே விடுதலும் முறையாக நடந்து பழகுதலும் அதற்குரிய சிகிச்சையில் முதலிடம் பெறுகின்றன.

வைத்திய விஷயம் இவ்வளவில் நிற்க. அவருடைய பொதுவாழ்வைக் கவனிப்போம்.

1848-ம் வருஷத் தொடக்கத்தில் பிரஷ்யாவின் மேல் ஸைலீஷியா பிரதேசத்தில் பஞ்சமும் டைபஸ் ஜுரமும் ஜனங்களைக் கொள்ளை கொண்டன. பத்திரிகைகள் கூக்குரலிட்ட பின்பு ராஜாங்கம் விசாரணைக்கு ஆள் அனுப்பிற்று; அவர்களில் ஒருவர் விர்ச்சோ. சுமார் மூன்று வாரம் அங்கே கழித்தார். போலிஷ் பாஷை பேசும் ஏழைக் குடியானவர்களையும், அவர்களுக்கு விளங்காத ஜெர்மன் பாஷையில் நடக்கும் ஆட்சியையும், உருளைக்கிழங்கு விளையாமற் போன வயல்களையும், ஒரே அறையில் நெருங்கிக் கிடந்த குடும்பங்களையும் கண்டார். மருந்துகளின் ஜாப்தாவை எதிர்பார்த்த மந்திரிகளுக்கு அவர் வேறுவிதமான அறிக்கை கொடுத்தார். பூரண ஜனநாயகம், தாய்மொழிக் கல்வி, நல்ல சாலைகள், விவசாய அபிவிருத்தி, ஏழைகளின் வரிச்சுமையைக் குறைத்தல் ஆகியவையே அந்த ஜுரத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த மருந்து. ஜுரம் குடிசையில் கொன்றது. அதன் வேர் ஆட்சியில் இருந்தது. சுவாசப்பையில் சிக்கிய கட்டிக்காகக் காலை ஆராய்ந்த அதே புத்திதான் இங்கும் வேலை செய்ததென்பது நமது அபிப்பிராயம்.

அவர் திரும்பிய சில தினங்களில், மார்ச்சு 18-ந் தேதி, பெர்லினில் புரட்சி வெடித்தது. வீதிகளில் எழுந்த தடுப்பரண்களில் அவரும் நின்றார். அவ்வருஷமே வைத்தியச் சீர்திருத்தத்துக்காக ஒரு வாரப் பத்திரிகை தொடங்கி, ஏழைகளின் சுகத்தைக் காப்பது ராஜாங்கத்தின் கடமையென வாதாடினார். புரட்சி ஒடுக்கப்பட்டது, 1849-ல் அவருடைய உத்தியோகமும் பறிபோயிற்று. பிறகு நிபந்தனைகளுடன் திருப்பித் தரப்பட்டதாயினும், அவர் பவேரியா நாட்டின் வூர்ட்ஸ்பர்க் சர்வகலாசாலை அளித்த பதவியை ஏற்று வெளியேறினார். ஏழு வருஷங்களுக்குப் பின் 1856-ல் பெர்லின் அவரைத் திரும்ப அழைத்தபோது, தமக்கெனத் தனி ஆராய்ச்சி ஸ்தாபனம் வேண்டுமென்று கேட்டுப் பெற்றே வந்தார். 1858-ல் வெளியான அவருடைய பிரசங்கங்கள், வியாதியென்பது உயிரணுக்களின் மாறுதலே என்று ஸ்தாபித்தன.

1859-ல் பெர்லின் நகரசபை அங்கத்தினரானார். இறக்கும் வரையில் அப்பதவியை வகித்தார். 1861-ல் முற்போக்குக் கட்சியை ஸ்தாபித்தவர்களில் அவர் ஒருவர். மறு வருஷம் பிரஷ்யச் சட்டசபையில் புகுந்து, சபையின் சம்மதமின்றிச் சேனைக்குப் பணம் செலவிட்ட பிரதம மந்திரி பிஸ்மார்க்கை வன்மையாக எதிர்த்தார். 1865-ல் பிஸ்மார்க் அவரைத் துவந்த யுத்தத்துக்கு அழைத்தார். விர்ச்சோ மறுத்துவிட்டார். வாளாலும் துப்பாக்கியாலும் வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்ற முடியாதல்லவா!

நகரசபையில் அவர் செய்த ஊழியம் இன்னும் சிறந்தது. சாக்கடை நீர் வீதியோரங்களில் தேங்கி நாறிய பெர்லினுக்குப் பாதாளச் சாக்கடை வேண்டுமென்று புள்ளிவிவரங்களோடு போராடினார். எஞ்சினீயர் ஹோப்ரெக்ட் வகுத்த திட்டப்படி 1873-ல் வேலை தொடங்கிற்று. பொது வைத்தியசாலைகளும் மாமிசப் பரிசோதனை முறையும் அந்நகரில் ஏற்பட அவரே பெரிதும் காரணர்.

அவரிடமும் குறைகள் இருந்தன. அவற்றை மறைப்பது சரித்திரத்துக்கு அழகன்று. வைத்தியர்கள் கைகளைச் சுத்தி செய்துகொண்டால் பிரசவ ஜுரம் குறையுமென்று வியன்னாவில் ருசுப்படுத்திய ஸெம்மல்வைஸின் கொள்கையை அவர் ஏற்கவில்லை. கிருமிகளே வியாதிகளுக்குக் காரணமென்ற கொள்கையிலும் நெடுங்காலம் சந்தேகமுற்றிருந்தார். டைபஸ் ஜுரத்தைப் பரப்புவது சீலைப்பேன் என்பது 1909-ல்தான் வெளிப்பட்டது. 1848-ல் அது அவருக்குத் தெரியாது. ஆனால் மாற்றுத் துணியற்ற வறுமையும் நெருக்கடியுமே சீலைப்பேனை வளர்க்கின்றன. ஆதலால் அவர் சொன்ன மருந்து பிழைபடவில்லை.

1902-ம் வருஷம் ஜனவரியில், ஓடும் டிராம் வண்டியிலிருந்து இறங்குகையில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அதிலிருந்து முற்றும் தேறாமலே செப்டம்பர் 5-ந் தேதி, எண்பதாவது வயதில் காலமானார்.

நகரசபைகளிலும் பஞ்சாயத்துகளிலும் பொறுப்பு வகிக்கும் நண்பர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. ஒரு பேட்டையில் ஜுரம் பரவினால், அங்குள்ளவர்களின் அசுத்தத்தைக் குறைகூறித் துண்டுப் பிரசுரம் அச்சிடுமுன், அவர்களுக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது, கூலி எவ்வளவு கிடைக்கிறது என்று நேரில் சென்று விசாரிக்க வேண்டும். படுக்கையில் கிடந்து தேறிவரும் உறவினரின் ஒரு கால் வீங்கினாலும் அதை அற்பமென்று தள்ளிவிடலாகாது. இரண்டிலும் தாமதத்துக்கு விலை மனித உயிரே.