உடற்பயிற்சியைப் பாடமாக்கிய ஆசிரியர் குட்ஸ்மூட்ஸ்

கல்லூரி மலர்களிலே பெரியோர் வரலாறு எழுதப் புகுவோர் புலவரையும் புரவலரையும் நாட்டுத் தலைவரையும் தேர்ந்துகொள்வதே வழக்கம். பள்ளிக்கூட முற்றத்திற் பிள்ளைகளை ஓடவும் பாயவும் ஏறவும் பழக்கிய ஓர் ஆசிரியரின் வரலாற்றை யாம் எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பாயிருத்தல் கூடும். ஆயினும், ஏறக்குறைய 50 ஆண்டுகளை ஒரே பள்ளிக்கூடத்திற் செலவிட்ட ஒருவரைப் பற்றி அறிந்துகொள்வதற்கு, ஒரு கல்லூரியின்மேல் வைத்த பற்றினாலே ஒன்றுகூடும் பழைய மாணவராகிய நமக்கு உரிமையுண்டு. உடற்பயிற்சி கற்பிக்கும் ஆசிரியர்கள் உலகெங்கும் தம் முன்னோராகப் போற்றும் அவர் பெயர் யோகான் கிறிஸ்தோப் பிரீட்றிக் குட்ஸ்மூட்ஸ் என்பது.

அவர் 1759ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 9ஆம் திகதி ஜேர்மனியிலுள்ள குவெட்லின்பேர்க் என்னும் பழைய நகரிலே பிறந்தார். ஜேர்மனி அந்நாளில் ஒரே அரசாயிருக்கவில்லை. சிற்றரசுகள் பல கூடிய நிலமாயிருந்தது. தந்தையார் தோல் பதனிடுந் தொழிலாளர். குடும்பத்திற் செல்வம் இல்லை. ஆதலால் குட்ஸ்மூட்ஸ் தாம் கற்கும்பொழுதே பிறர் பிள்ளைகளுக்குக் கற்பித்துப் பொருளீட்டும் நிலையினராயினர். அவ்வூர் வைத்தியர் றிற்றர் என்பவர் வீட்டிலே பிள்ளைகளுக்கு ஆசிரியராயமர்ந்தார். பின்னர் 1779 முதல் 1782 வரை ஹாலேப் பல்கலைக்கழகத்திலே சமயநூலும், அதனோடு கணிதம் பௌதிகம் முதலியனவுங் கற்று, மீண்டும் றிற்றர் வீட்டுக்கே வந்து சேர்ந்தார்.

அவ்வைத்தியர் 1784ஆம் ஆண்டிற் காலமானார். இளம்பிள்ளைகளோடு கைம்பெண் தனித்து நின்றாள். அதே ஆண்டிலேதான் தூரிங்கியாப் பகுதியிலே, காட்டோரத்துச் சிற்றூராகிய சினெப்பன்தாலில், சால்ஸ்மன் என்னுங் கல்வியாளர் புதுமுறைப் பள்ளிக்கூடமொன்றைத் தொடக்கினார். வைத்தியரின் மகனாகிய கார்ல் என்னுஞ் சிறுவனை அவர் தம் பள்ளிக்கு ஏற்றுக்கொண்டார். 1785ஆம் ஆண்டிலே, ஆறு வயதும் நிரம்பாத அச்சிறுவனை அழைத்துச் சென்றவர் குட்ஸ்மூட்ஸ். பிள்ளையை ஒப்படைக்கச் சென்ற ஆசிரியர் திரும்பிவரவில்லை. சால்ஸ்மன் அவரைத் தம்மோடே இருத்திக்கொண்டார். அன்று கைபிடித்துச் சென்ற சிறுவன் பிற்காலத்திலே தற்காலப் புவியியலின் தந்தையருள் ஒருவரெனப் போற்றப்பட்ட கார்ல் றிற்றர் என்பதையும் ஈண்டுச் சொல்லிவைத்தல் தகும். குட்ஸ்மூட்ஸ் அப்பள்ளியிற் புவியியலுங் கற்பித்தார்.

அந்நாளில் ஐரோப்பாவிலே கல்வியென்பது பெரும்பாலும் இலத்தீன் இலக்கணமேயாம். பிள்ளைகள் காலைமுதல் மாலைவரை வாங்கிலே குந்தியிருந்து மனனஞ் செய்வர். ஓடியாடுதல் படிப்புக்கு இடையூறென்று எண்ணப்பட்டது. இக்கொள்கையை எதிர்த்து ரூசோ 1762ஆம் ஆண்டிலே எமில் என்னும் நூலை வெளியிட்டார். 1774ஆம் ஆண்டில் டெசௌ நகரிலே பள்ளி நிறுவிய பசெடோ என்பவர், உடற்பயிற்சிக்கும் பாடவேளையில் இடங்கொடுத்தார். சால்ஸ்மன் அப்பள்ளியிற் கற்பித்தவர். அவ்வழக்கத்தைத் தம் பள்ளிக்குங் கொண்டுவந்தார். முதலில் வேறோர் ஆசிரியர் கையிலிருந்த அப்பொறுப்பு, 1786ஆம் ஆண்டில் குட்ஸ்மூட்ஸிடம் வந்தது.

எண்ணியவர் பலர், செய்துபார்த்து எழுதிவைத்தவர் இவரே. மரங்கள் சூழ்ந்த வெளியொன்றே அவருடைய பயிற்சிக்கூடம். ஏறுதற்கு ஒரு கம்பமும், கயிற்றேணியும், சமநிலை பேணி நடப்பதற்கு நீண்ட மரமும், பாய்தற்கு வெட்டிய குழியுமன்றி அங்கே பெரிய கருவிகள் இருந்தன அல்ல. ஓடுதல், பாய்தல், எறிதல், மற்பிடித்தல், பாரஞ் சுமத்தல் எனப் பயிற்சிகளை வகுத்து, எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாக ஏற்றினார். கண், செவி, கை ஆகிய புலன்களைக் கூர்மையாக்கும் பயிற்சிகளையும் அவற்றோடு சேர்த்தார். அன்றியும், ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு தூரம் பாய்ந்தான், எவ்வளவு உயரங் கடந்தான் என்பதை அளந்து குறித்துவைத்தார். இச்செயலை யாம் சிறப்பாக மதிக்கின்றோம். வகுப்பில் முதலாவதாக வந்தவனை மட்டும் பாராட்டி மற்றையோரை மறந்துவிடும் விளையாட்டுப் போட்டிகளை நாம் நிறையக் கண்டிருக்கின்றோம். அளந்து எழுதிய ஏடு கையிலிருந்தால், கடைசியாக வரும் பிள்ளையும் சென்ற மாதத்தினும் இம்மாதம் ஒரு சாண் கூடப் பாய்ந்தேன் என்று தலைநிமிரலாமல்லவா?

இவ்வாறு ஏழாண்டுகள் கண்டவற்றைத் திரட்டி, 1793ஆம் ஆண்டிலே இளைஞருக்கான உடற்பயிற்சி என்னும் பொருள்படும் பெருநூலொன்றை வெளியிட்டார். பழைய கிரேக்கரின் வழக்கங்களை அவர் நன்கு கற்றவர். வைத்தியர் நூல்களையும் ஆராய்ந்தவர். எனினும் அந்நூலின் வலிமை தம் முற்றத்திலே தாம் கண்டவற்றை எழுதியதிலேயே இருக்கின்றது. உடல் நலிந்தால் அறிவுந் தளரும் என்பதும், உடலைப் பேணுதல் வீட்டாருக்கு மட்டுமன்றிப் பள்ளிக்கூடத்திற்கும் உரிய கடமை என்பதும் அதன் சாரம். திருமூலர் வழிவந்த நமக்கு உடம்பு புறக்கணிக்கத்தக்க பொருளன்று; ஆயினும் அதனைப் பாடவேளையிற் சேர்க்கவேண்டுமென்று நாமாக எண்ணினோமோ என்பது வேறு விடயம். இந்நூல் 1800ஆம் ஆண்டில் இலண்டனிலே ஆங்கிலத்தில் வெளிவந்தபொழுது, ஆசிரியர் பெயராகச் சால்ஸ்மனின் பெயரே அச்சிடப்பட்டிருந்தது! உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் தலைமையாசிரியர் என்பது எந்நாட்டிலும் நிகழ்வதே போலும்.

1796ஆம் ஆண்டில் விளையாட்டுக்களைப் பற்றித் தனிநூல் எழுதினார். படித்தவர் ஒருவர் பிள்ளைகளின் பந்தையும் ஒளித்துப்பிடித்தலையும் விதிமுறையோடு எழுதுவதா என்று நகைத்தல் எளிது. ஆனால் ஒவ்வொரு விளையாட்டும் பிள்ளையின் உடலோடு மனத்தின் எந்த ஆற்றலை வளர்க்கின்றது என்று அவர் வகுத்துக் காட்டினார். ஆங்கிலேயரின் பேஸ்போல் என்னும் பந்தாட்டத்தின் விதிகள் அச்சேறியது அந்நூலிலேயே என்பர். அமெரிக்காவிலே அதன் விதிகள் எழுதப்பட்ட 1845ஆம் ஆண்டிற்கு அது அரை நூற்றாண்டு முந்தியது. நம்மூர்க் கிளித்தட்டையும் கிட்டிப்புள்ளையும் இத்தகைய பொறுமையோடு எவரேனும் எழுதிவைத்தால் அவருக்கு எத்துணை நன்றி சொல்லுவோம்!

1798ஆம் ஆண்டில் வெளிவந்த நீச்சல் நூல் அளவிற் சிறியது. ஐரோப்பாவில் அக்காலத்தே ஆண்டுதோறும் பலர் ஆற்றிலுங் குளத்திலும் மாண்டனர். நீந்துதல் மீகாமனுக்கும் மீனவனுக்கும் உரியதென்று இருந்த எண்ணத்தை அவர் மறுத்து, அதுவும் பள்ளியிற் கற்பிக்கத்தக்கதே என்றார். முதலில் நீருக்குப் பழக்கி, பின் கரையிலே கைகால் அசைவைக் கற்பித்து, அதன்பின் நீரிலே பழக்கும் முறையை வகுத்தார். கடல் சூழ்ந்த இத்தீவிலே, அலையைக் கண்டு அஞ்சி நிற்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணும்பொழுது இந்நூல் நமக்கும் உரியதெனவே தோன்றுகின்றது.

அவருடைய எண்ணம் நாடுவிட்டு நாடு சென்ற வழி நெடியது. கோப்பன்ஹேகன் நகரிலே நாக்டெகல் என்பவர் அவருடைய நூலாற் கவரப்பட்டு 1799ஆம் ஆண்டில் ஒரு பயிற்சிக்கூடம் திறந்தார். 1814ஆம் ஆண்டிலே டென்மார்க் அரசு பள்ளிச் சிறுவர்க்கு உடற்பயிற்சியைச் சட்டத்திற் சேர்த்தது. அந்நகரிலே சிலகாலம் வாழ்ந்த லிங் என்னும் சுவீடன் நாட்டவர், 1813ஆம் ஆண்டில் ஸ்டொக்கோமிலே நடுநிலையமொன்றை நிறுவினார். அங்கே பயின்ற பேர்க்மன் ஒஸ்டெர்பேர்க் என்னும் பெண்மணி 1881ஆம் ஆண்டளவில் இலண்டன் சென்று, அந்நகரப் பெண்பிள்ளைகளின் பள்ளிகளிலே அம்முறையைப் பரப்பினார். ஆங்கிலேயர் வாயிலாக அதுவே டிறில் என்னும் பெயரோடு நம் பள்ளி முற்றங்களுக்கும் வந்தது. ஆனால் வழியிலே ஒன்று உதிர்ந்துபோயிற்று. வரிசையில் நின்று எண்ணிக்கைக்குக் கைநீட்டி மடக்கும் டிறிலிலே ஒழுங்கு இருந்தது. குட்ஸ்மூட்ஸ் தம் முற்றத்திலே கண்ட மகிழ்ச்சி இருந்ததோ என்பது ஐயமே. மற்றும், அவர் நூல்கள் ஆண்பிள்ளைகளை நோக்கியே எழுதப்பட்டவை. அக்குறையை நிரப்பியவர்கள் பின்வந்த இப்பெண்மணி போன்றோரே.

இவர் வாழ்வில் யாம் மறைத்தற்கியலாத பகுதியொன்றும் உண்டு. 1806ஆம் ஆண்டில் நெப்போலியனிடம் பிரஷியா தோற்றபின், உடற்பயிற்சி நாட்டுப்பற்றோடும் படைப்பயிற்சியோடும் பிணைக்கப்பட்டது. 1807ஆம் ஆண்டில் சினெப்பன்தாலுக்கு வந்து பார்த்துச் சென்ற யாஹ்ன் என்பவர், 1811ஆம் ஆண்டில் பேர்லினில் திறந்தவெளிப் பயிற்சிக்களம் அமைத்து, இளைஞரைத் திரட்டினார். குட்ஸ்மூட்ஸும் 1817ஆம் ஆண்டில் தாய்நாட்டின் மைந்தருக்கென ஒரு நூல் எழுதினார். போருக்கு ஆயத்தஞ் செய்யும் பயிற்சிகள் அதிலே இடம்பெற்றன. பிள்ளை பிள்ளையாக வளர்வதற்கென்று தொடங்கிய முயற்சி படைக்கு ஆள்சேர்க்கும் கருவியாவது எளிதென்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டியதில்லை. 1819ஆம் ஆண்டில் அவ்வியக்கத்து மாணவனொருவன் நாடகாசிரியர் ஒருவரைக் கொலைசெய்தான். அரசர் அஞ்சினர். யாஹ்ன் சிறைப்பட்டார், 1820ஆம் ஆண்டிலே பிரஷியாவிற் பயிற்சிக்களங்கள் மூடப்பட்டன. அரசியலார் இளைஞரோடு செய்த வழக்கில் தண்டனை பெற்றவர்கள், ஓடி விளையாடவேண்டிய சிறுபிள்ளைகள்.

இக்காலத்திலே களங்களை மூட அரசாணை வேண்டியதில்லை. பரீட்சை ஒன்றே போதும். புலமைப்பரிசில், சாதாரண தரம் என்று நாள் நெருங்க, முதலிற் பறிபோவது உடற்பயிற்சிப் பாடவேளையே. 2016ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு உலக சுகாதார நிறுவனத்தார் கணித்தபடி, 11 முதல் 17 வயதுவரையான பிள்ளைகளில் உலகெங்கும் 100க்கு 81 பேர் வேண்டிய அளவு உடலை அசைப்பவர்கள் அல்லர். நாளொன்றுக்கு 60 நிமிடம் என்பதே அவர்கள் விதித்த அளவு.

சினெப்பன்தாலிலே வேலை நிற்கவில்லை. அயலூராகிய இபென்ஹைனில் இல்லமைத்து வாழ்ந்த குட்ஸ்மூட்ஸ், முதுமையிலும் பள்ளிக்கு வந்து பிள்ளைகளைப் பழக்கினார். புவியியல் நூல்களும், தச்சு முதலிய கைத்தொழில்களைப் பொழுதுபோக்காகப் பயில்வோர்க்கென ஒரு நூலும் எழுதினார். 1839ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி தம் எண்பதாவது வயதில் இபென்ஹைனிலேயே காலமானார். மூன்றாண்டுகளின் பின், 1842ஆம் ஆண்டில், பிரஷிய அரசர் தடையை நீக்கி, ஆண்பிள்ளைகளின் கல்விக்கு உடற்பயிற்சி இன்றியமையாத பகுதியென்று ஆணையிட்டார். அவர் கற்பித்த பள்ளிக்கூடம் சால்ஸ்மனின் பெயரோடு இன்றும் நடைபெற்று வருகின்றது.