ஹோமி பாபா

மும்பையில் 1909ஆம் ஆண்டு பிறந்த ஹோமி பாபாவைக் குடும்பத்தார் இரும்பாலைப் பொறியாளராக்க விரும்பினர். அவர் மனமோ இயற்பியலை நாடியது. பொறியியலில் முதல் வகுப்பில் தேறினால் விரும்பியதைப் படிக்கலாம் என்று தந்தை இசைந்தார். கேம்பிரிட்ஜில் அவ்வாறே தேறினார். 1939இல் விடுமுறைக்குத் தாயகம் வந்தவரைப் போர் திரும்பவிடவில்லை. அது இந்தியாவின் நற்பேறு எனலாம்.

அவர் தலைமையில், 1956 ஆகஸ்டு 4ஆம் நாள் டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. உலையின் ஆற்றலைக் கூட்டுவதைவிட, எழும் வெப்பத்தை உடனுக்குடன் அகற்றுவதே கடினம். அகற்றாவிடில் எரிபொருளே உருகிவிடும். எனவே, நீர்த்தொட்டியில் மூழ்கியிருந்த அப்சராவுக்கு 1 மெகாவாட் உச்ச வரம்பாயிற்று. பாங்கியிலுள்ள நம் நாட்டு ஆய்வு உலைக்கும் அதே அளவுதான். 1960இல் கனடாவின் உதவியுடன் எழுந்த 40 மெகாவாட் சைரஸ் உலையைக் குளிர்விக்கக் கடல்நீரே தேவைப்பட்டது.

1966இல் மோன் பிளாங்க் மலையில் விமானம் மோதிப் பாபா இறந்தார். அப்சராவை மேம்படுத்தி 2018இல் தொடங்கிய உலையின் உச்ச வரம்பு 2 மெகாவாட்.