கறிவேப்பிலையில் வாழும் டாக்டர்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் இருந்து லாரி லாரியாகக் காய்கள் கேரளத்துக்குப் போகின்றன. வெண்டைக்காய் ஆனாலும் சரி, முருங்கைக்காய் ஆனாலும் சரி, அடுப்பில் ஏறினால் தாளிப்பதற்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை வேண்டும்.

அந்தக் கறிவேப்பிலைக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயரில் ஒரு மனிதரின் பெயர் ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

பருத்திக் காட்டுக்குப் போனவர்கள் இன்னொன்றையும் பார்த்திருப்பார்கள். வெடித்த காய்களில் ஒரு சிவப்புப் பூச்சி கூட்டம் கூட்டமாக மொய்க்கும். முதுகில் கறுப்புப் புள்ளி இருக்கும். விதையின் சாற்றை உறிஞ்சும். பஞ்சைக் கறையாக்கும். அந்தப் பூச்சியின் பெயரிலும் அதே மனிதர்தான் இருக்கிறார்.

அவர் பெயர் ஜோஹன் ஜெரார்டு கோனிக்.

தமிழ்நாட்டுச் செடிகளையும் பூச்சிகளையும் உலகத்துக்கு அறிமுகம் செய்தவர்களில் அவர் முன்னோடி. அதற்காகவே வாழ்ந்து, அந்த வேலையிலேயே உயிரை விட்டவர்.

லின்னேயசின் மாணவர்

கோனிக் 1728-ம் ஆண்டு பிறந்தார். அவர் பிறந்த பகுதி இன்று லாட்வியா என்ற நாட்டில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் சுவீடன் தேசத்தில் லின்னேயஸ் என்ற பெரிய பேராசிரியர் இருந்தார். உலகத்தில் உள்ள ஒவ்வொரு செடிக்கும், ஒவ்வொரு உயிருக்கும் இரண்டே சொல்லில் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டியவர் அவர்தான். முதல் சொல் குடும்பப் பெயர் போன்றது. இரண்டாவது சொல் ஆளின் சொந்தப் பெயர் போன்றது.

இப்படிப் பெயர் வைப்பதற்கு என்ன அவசியம்?

ஒரே செடிக்கு மதுரையில் ஒரு பெயர். மலையாளத்தில் வேறு பெயர். வங்காளத்தில் இன்னொரு பெயர். மருந்துக்கு ஒருவர் எழுதிய செடியை மற்றொருவர் தவறாகப் பறித்தால் உயிருக்கே ஆபத்து. எந்த ஊரிலும் மாறாத ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயருக்கு உரிய அடையாளங்களும் எழுத்தில் இருக்க வேண்டும்.

பூச்சிகளில் குழப்பம் இன்னும் அதிகம். தேனீயைப் போலவே இருக்கும் ஒரு வகை ஈ உண்டு. உடம்பில் அதே மயிர். பூவில் தேன் குடிக்கும் அதே பழக்கம். பார்த்தவுடன் தேனீ என்றே நினைப்போம். ஆனால் உற்றுப் பார்த்தால் உண்மை தெரியும். தேனீக்குச் சிறகு நான்கு. இந்த ஈக்குச் சிறகு இரண்டுதான்.

சிறகை எண்ண வேண்டும். கொம்பை அளக்க வேண்டும். வாயின் அமைப்பைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதி, அந்தப் பூச்சியையும் கெடாமல் காப்பாற்றி வைக்க வேண்டும். அப்போதுதான் அது ஒரு புதிய இனம் என்று உலகம் ஒப்புக்கொள்ளும்.

இந்தக் கலையை 1757-ல் கோனிக் லின்னேயசிடம் நேரில் கற்றார்.

அதன் பின் டென்மார்க் தேசத்தில் வசித்தார். பனி மூடிய ஐஸ்லாந்து தீவுக்குப் போய்ச் செடிகளைத் திரட்டினார். அங்கே கிடைத்த ஒரு சின்னஞ்சிறு செடிக்கு லின்னேயஸ் 1767-ல் கோனிகியா என்று தம் மாணவரின் பெயரையே சூட்டினார்.

தரங்கம்பாடிக்கு வந்தார்

அப்போது தரங்கம்பாடி டென்மார்க் காரர்களின் வசம் இருந்தது. அங்கே இருந்த கிறிஸ்தவ மிஷனுக்கு ஒரு வைத்தியர் தேவைப்பட்டார். கோனிக் கப்பல் ஏறினார். 1768-ல் தரங்கம்பாடியில் கால் வைத்தார். அப்போது அவருக்கு வயது 39.

நோயாளிகளைக் கவனித்த நேரம் போக, மற்ற நேரம் எல்லாம் காடு மேடு சுற்றினார். செடிகளை உலர்த்தினார். பூச்சிகளைப் பிடித்தார். கண்டதை எல்லாம் குறிப்பு எழுதினார். பிறகு அவற்றைக் கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்.

நம் வீட்டுக் கறிவேப்பிலைக்கு லின்னேயஸ் 1771-ல் பெர்ஜெரா கோனிகி என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் வந்த விஞ்ஞானிகள் முதல் சொல்லை மாற்றி, முர்ராயா கோனிகி என்று அழைத்தார்கள். இப்போது பலர் பழைய பெயருக்கே திரும்பி விட்டார்கள். முதல் சொல் மாறி மாறி வந்தது. கோனிக்கின் பெயர் மட்டும் மாறவே இல்லை!

லின்னேயசின் இன்னொரு மாணவர் ஃபப்ரீசியஸ். டென்மார்க் காரர். பூச்சிகளின் வாய் அமைப்பை வைத்து அவற்றை வகை பிரித்தவர். ஏறக்குறைய 10 ஆயிரம் பூச்சி இனங்களுக்குப் பெயரும் விவரமும் எழுதியவர். தரங்கம்பாடியில் இருந்து கோனிக் அனுப்பிய பூச்சிகளும் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. 1775-ல் வெளியிட்ட நூலில் சிவப்புப் பருத்திப் பூச்சிக்குக் கோனிக்கின் பெயரை அவர் வைத்தார். இன்று அதை டிஸ்டெர்கஸ் கோனிகி என்று அழைக்கிறார்கள்.

நவாபின் உத்தியோகம்

1773-ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம், நேரில் வராமலே கோனிக்குக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது.

பெருமை வந்தது, பணம் வரவில்லை. நெடுந்தூரம் போய்ச் செடி தேடுவதற்கு மிஷன் சம்பளம் போதவில்லை. மிஷனில் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் தேடல் நின்று விடும்.

கோனிக் தேடலைத்தான் தேர்ந்தெடுத்தார். ஆர்க்காட்டு நவாபிடம் இயற்கை ஆராய்ச்சியாளராக வேலைக்குச் சேர்ந்தார்.

கறையான் புற்றுக்குள்ளே

வேலூருக்குப் போகும் வழியில் ஆம்பூரில் அவர் கறையான் புற்றுகளை ஆராய்ந்தார். இரவு நேரத்தில் புற்றை வெட்டிப் பார்த்தார். ஊர் மக்கள் பாம்புக்குப் பயந்து விலகிப் போகும் இடத்தில், இந்த வெள்ளைக்கார வைத்தியர் உட்கார்ந்து கறையானைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

புற்றுக்குள் கடற்பஞ்சு போன்ற ஒரு கூடு இருந்தது. அதில் பூஞ்சைக் காளான் வளர்ந்திருந்தது. அது கறையான் குஞ்சுகளுக்கு உணவு என்று அவர் எழுதினார். கறையான் தன் புற்றுக்குள் காளான் பயிர் செய்யும் அதிசயத்தை முதன் முதலில் எழுதி வைத்தவர் அவரே.

மக்கள் ஈசல் பிடிக்கும் முறையையும் அவர் விடவில்லை. புற்றில் இரண்டு துளை போடுவார்கள். காற்று வீசும் பக்கத்தில் புகை மூட்டுவார்கள். மறு பக்கத்துத் துளையில் ஒரு பானையின் வாயைப் பொருத்துவார்கள். புகைக்குப் பயந்து ஈசல்கள் பானைக்குள் வந்து விழும். அந்தப் பானையில் முன்னதாகவே ஒரு வாசனைத் தழையைத் தேய்த்து வைப்பார்கள். அது என்ன தழை? கறிவேப்பிலைதான்! பிடித்த ஈசலை மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து, ஏழைகளுக்கு மலிவாக விற்பார்கள்.

இந்தக் கட்டுரை 1779-ல் பெர்லின் நகரத்து இயற்கை ஆராய்ச்சிச் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது.

கம்பெனி வேலை

1778 ஜூலை 17-ந் தேதி சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை வேலைக்கு எடுத்தது. சென்னை அரசாங்கத்தின் முதல் இயற்கை ஆராய்ச்சியாளர் அவர்தான். சயாம், மலாக்கா, இலங்கை என்று பல தேசங்களுக்குக் கடல் கடந்து போனார். போன இடம் எல்லாம் குறிப்பு எழுதினார்.

ஆனால் எழுதியதை நூலாக்க அவருக்கு நேரம் இல்லை. அடுத்த செடி, அடுத்த பூச்சி என்று ஓடிக்கொண்டே இருந்தார். குறிப்புகள் மலை போல் குவிந்தன.

கடைசிப் பயணம்

ஆந்திரக் கடற்கரை வழியே வடக்கே போகும்போது கோனிக்கைச் சீதபேதி தாக்கியது. சாமல்கோட்டையில் இருந்த டாக்டர் ராக்ஸ்பரோ என்ற நண்பர் பக்கத்தில் இருந்து சிகிச்சை செய்தார். பயன் இல்லை. 1785 ஜூன் 26-ந் தேதி காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் கோனிக் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 56.

குவிந்து கிடந்த குறிப்புகள் என்ன ஆகும்? செல்லும் கறையானும் அரித்து விடாதா? கறையானை ஆராய்ந்தவருக்கு இது தெரியாதா! அவற்றை எல்லாம் லண்டனில் இருந்த ஜோசப் பாங்க்ஸ் என்ற அறிஞருக்கு அவர் எழுதி வைத்து விட்டார்.

கறிவேப்பிலையாகப் பயன்பட்டு ஒதுக்கப்பட்டவர் என்று சிலரைச் சொல்வது உண்டு. கோனிக்கின் கதையும் ஓரளவு அப்படித்தான். அவர் கண்ட செடிகளையும் பூச்சிகளையும் பற்றி மற்றவர்கள் நூல் எழுதிப் புகழ் பெற்றார்கள். அவரது சயாம் பயணக் குறிப்புகள் அச்சில் வருவதற்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

ஆனாலும் அவர் வேலை வீண் போகவில்லை. கோனிக்கைப் பின்பற்றிய ராக்ஸ்பரோ, கல்கத்தா தாவரத் தோட்டத்தின் தலைவரானார். இந்தியத் தாவர ஆராய்ச்சியின் தந்தை என்று பெயர் எடுத்தார். கோனிக் உலர்த்தி வைத்த நம் நாட்டுச் செடிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

செடியையும் பூச்சியையும் நம் முன்னோர் நன்றாகவே அறிந்திருந்தார்கள். கோனிக் செய்தது ஒன்றுதான். அவர்கள் காட்டியதைப் பொறுமையாகப் பார்த்தார்; பார்த்ததைத் தவறாமல் எழுதி வைத்தார். எழுதியது இருநூறு ஆண்டு தாண்டியும் நிற்கிறது.

உங்கள் தோட்டத்துப் பூவில் தேனீ போல ஒன்று வந்து உட்கார்ந்தால், பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சிறகை எண்ணச் சொல்லுங்கள்.