புஜிவாரா நோ தெய்க்கா

புஜிவாரா நோ தெய்க்கா (1162 – 1241) ஜப்பானிய அரசவைக் கவிஞரும் திறனாய்வாளரும் தொகுப்பாளரும் ஆவார். 31 அசைகளைக் கொண்ட வக்கா என்னும் செய்யுள் வடிவின் தலைசிறந்த புலவர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

இளமை

இவருடைய தந்தை ஷுன்செய் புகழ்பெற்ற கவிஞர். புஜிவாரா குலத்தைச் சேர்ந்ததாயினும் இக்குடும்பத்துக்கு அரசியல் செல்வாக்கு குறைவு. கவிதையே அதன் மதிப்புக்கு அடிப்படை. 1185இல் அரண்மனையில் சக அவையினர் ஒருவரை விளக்கால் அடித்ததால் தெய்க்கா பணியிலிருந்து விலக்கப்பட்டார். தந்தையின் வேண்டுகோளால் மறு ஆண்டு மீண்டும் சேர்க்கப்பட்டார்.

அரசவையில்

1200இல் முடிதுறந்த பேரரசர் கோ-தோபா கவிஞர்களிடம் நூறு நூறு பாடல்கள் கேட்டபோது, முதலில் இவர் பெயர் விடுபட்டது. ஷுன்செய் எழுத்து மூலம் முறையிட்ட பின்னரே வாய்ப்புக் கிடைத்தது. இவருடைய பாடல்கள் பேரரசரைக் கவர்ந்தன. 1201இல் ஷின் கொக்கின் வக்காஷூ என்னும் அரச தொகைநூலின் தொகுப்பாளர்களுள் ஒருவராக நியமிக்கப்பட்டார். சுமார் 2,000 பாடல்கள் கொண்ட அந்நூலின் நிறைவு விழா 1205இல் நடைபெற்றது. எனினும் பாடல் தேர்வில் கோ-தோபா தாமே தலையிட்டதால் இருவருக்கும் கருத்து வேறுபாடு வளர்ந்தது. 1220இல் இவருடைய பாடல் ஒன்று பேரரசரின் சினத்துக்கு உள்ளாகவே, கவியரங்குகளில் கலந்துகொள்ளத் தடை விதிக்கப்பட்டது.

பிற்காலம்

1221இல் காமகுரா இராணுவ ஆட்சிக்கு எதிராகப் போரிட்டுத் தோற்ற கோ-தோபா, ஓக்கி தீவுக்கு நாடுகடத்தப்பட்டு 1239இல் அங்கேயே இறந்தார். தெய்க்காவோ உயர்ந்து, 1232இல் அவையின் உயர்பதவிகளுள் ஒன்றை அடைந்தார். அவ்வாண்டு பணிக்கப்பட்ட ஒன்பதாவது அரச தொகைநூலை இவர் தனியாகத் தொகுத்து 1235இல் முடித்தார். காமகுரா ஆட்சியாளருக்கு அஞ்சி, கோ-தோபாவின் பாடல்கள் அதிலிருந்து நீக்கப்பட்டன. ஆனால் இவர் தொகுத்ததாகக் கருதப்படும், நூறு கவிஞரின் நூறு பாடல்களைக் கொண்ட ஹியாக்குனின் இஷ்ஷுவில் 99ஆவது பாடல் கோ-தோபாவுடையதாகும். அதைச் சேர்த்தவர் தெய்க்கா தாமா, பிறரா என்பது குறித்து அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை.

பங்களிப்பு

பழைய இலக்கியங்களைத் தம் கையால் படியெடுத்துக் காத்தது இவருடைய மற்றொரு தொண்டாகும். 1235இல் கி நோ த்சுராயுக்கியின் தோசா நாட்குறிப்பை மூலப்படியிலிருந்தே படியெடுத்தார். அம்மூலம் பின்னர் மறைந்துவிட்டது. கெஞ்சியின் கதைக்கு இவர் சீர்செய்த பாடமே இன்று பெரிதும் பின்பற்றப்படுகிறது. மெய்கெட்சுகி என்னும் இவரது நாட்குறிப்பு, 1054இல் வானில் தோன்றிய மீயொளிர் விண்மீனைப் பற்றிய குறிப்பையும் கொண்டுள்ளதால் வானியலாளருக்கும் பயன்படுகிறது. இவருடைய வழித்தோன்றல்களான ரெய்செய் குடும்பத்தினர் கியோத்தோவில் இவருடைய கையெழுத்துப் படிகளைப் பல நூற்றாண்டுகளாகப் பாதுகாத்து வந்துள்ளனர்.