காயத்தைத் தைத்த கரம்

வெட்டுக்கத்தி பட்டுக் கை பிளந்த ஒருவரைத் தக்கலையிலோ குளச்சலிலோ மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றதைப் பார்த்திருப்பீர்கள். மருத்துவர் தையல் போடுகிறார். சில நாட்களில் தோல் கூடிவிடுகிறது. அந்த ஊசிக்கும் நூலுக்கும் பின்னால் ஒரு முஸ்லிம் பேரறிஞரின் உழைப்பும் உண்டு என்பதை அறிவீர்களா?

அவரே அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி (ரஹ்). ஸ்பெயின் நாட்டில் குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ரா நகரில், கி.பி. 936 அளவில் பிறந்தவர். அன்ஸாரி என்னும் பட்டப்பெயர், மதீனத்து அன்ஸாரிகளின் வழிவந்தவர் என்பதைக் காட்டும்.

காயம் தைக்கும் கலையை அவர் முதன்முதலில் கண்டவர் அல்லர். நம் நாட்டுச் சுசுருதரும் கிரேக்கரும் முன்பே அறிந்திருந்தனர். ஆயின், தாம் கற்றதையும் கையால் செய்து தெளிந்ததையும் திரட்டி, கி.பி. 1000 அளவில் ‘அத்-தஸ்ரீஃப்’ என்னும் நூலை முடித்தார். முப்பது பகுதிகள் கொண்ட அந்நூலின் இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. ஏறத்தாழ இருநூறு கருவிகளின் படங்கள் அதில் உள்ளன. வயிறு கிழிந்தால் தைக்கும் முறைகளை விளக்கினார். குடற் காயத்தைத் தைக்க, விலங்கின் குடலிலிருந்து எடுத்த மெல்லிய நூலைக் குறிப்பிட்டார். உடலிலேயே கரைந்துவிடும் குடல்நூல் இருபதாம் நூற்றாண்டிலும் மருத்துவமனைகளில் வழங்கிவந்தது.

அவரை வருத்தியது ஒன்றுண்டு. உடற்கூறு அறியாத மருத்துவன் ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியைக் கீறினான். நாடிகள் அறுபட்டு, குருதி பெருகி, அவள் அவன் முன்னே மாண்டாள். அதனைக் கண்ட ஸஹ்ராவி, உடற்கூறு கல்லாமல் கத்தியைத் தொடாதீர் என்று மாணவரை எச்சரித்தார். அறியாமல் மருத்துவம் செய்து தீங்கு விளைப்பவன் அதற்குப் பொறுப்பாளி என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காட்டிய நெறியன்றோ!

கி.பி. 1010 அளவில் உள்நாட்டுக் கலகத்தில் அந்த நகரம் அழிந்தது. சில ஆண்டுகளில் அவரும் மறைந்தார். ஆயினும் நூல் அழியவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய மருத்துவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் பாடமாயிற்று.

சகோதர சகோதரிகளே! இன்றும் நம் இல்லங்களில் வெட்டுக்காயத்தில் காப்பித்தூளை அப்புவோர் உளர். அதனைத் தவிர்த்து, தூய துணியால் அழுத்திக் கட்டி, தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள். உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். அதனைக் காக்கும் கல்வியும் வணக்கமே. நம் பிள்ளைகளுக்கு அக்கல்வியை வல்ல நாயன் அருள்வானாக. ஆமீன்.