பேயைக் காட்டினால் லட்ச ரூபாய்!

நடுநிசி. வீட்டுக் கூரைமேல் தடதட என்று கல் விழுகிறது. விளக்கை எடுத்துக்கொண்டு ஓடிப் பார்த்தால், வெளியே ஆளே இல்லை!

வெள்ளிமலையானாலும் சரி, யாழ்ப்பாணமானாலும் சரி, இப்படி நடந்தால் மறுநாள் மந்திரவாதிக்குத்தான் ஆள் போகும். ஆனால் இலங்கையில் இன்னொருவரையும் தேடிப் போனார்கள். அவர் ஒரு வாத்தியார். பெயர் ஆபிரகாம் கோவூர்.

கேரளத்தில் உள்ள திருவல்லாவில் 1898-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி பிறந்தவர் கோவூர். தந்தை கிறிஸ்தவப் பாதிரியார். மகன் கல்கத்தாவுக்குப் போய்த் தாவரவியல் படித்தார்.

கங்கை நீர்

ஊருக்கு வரும்போது கங்கை நீர் கொண்டு வரும்படி அக்கம்பக்கத்தார் கேட்டிருந்தார்கள். கோவூர் வழியில் ஓர் ஓடையில் தண்ணீர் பிடித்து, அதையே கங்கை நீர் என்று கொடுத்துவிட்டார். அந்த நீரால் நோய் தீர்ந்தது என்று பிறகு சிலர் மகிழ்ந்து சொன்னார்கள்! பொல்லாத குறும்புதான். ஆனால் நம்பிக்கை மனிதனை என்ன செய்யும் என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார்.

1928-ல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராகப் போனார். பிறகு இலங்கையே அவருக்கு ஊராயிற்று. 1959-ல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றும் சாய்வு நாற்காலியில் சாயவில்லை. பேய் என்று கேள்விப்பட்ட வீடுகளுக்குப் போனார்.

போனதும் பேயைத் தேடமாட்டார். வீட்டில் உள்ளவர்களை ஒவ்வொருவராகத் தனியே அழைத்துப் பேசுவார். யாருக்கு என்ன மனக்குறை? கல் விழும்போது யார் எங்கே இருந்தார்? கேட்டுக்கொண்டே போவார். கல்லை எறிந்தது பெரும்பாலும் அந்த வீட்டு ஆளாகவே இருக்கும்! வாய் திறந்து சொல்ல முடியாத துயரம் கல்லாக வந்து விழுந்திருக்கும். அந்தத் துயரத்தைத் தீர்ப்பதே அவர் வைத்தியம். மந்திரவாதியின் பிரம்படியைவிட இது எவ்வளவோ மேல் அல்லவா?

சவால்

1963-ல் கோவூர் ஒரு சவால் விட்டார். மோசடிக்கு இடமில்லாதபடி அற்புத சக்தியைக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய்! உறையில் மூடி முத்திரையிட்ட நோட்டின் எண்ணைச் சொல்லலாம். எரியும் தணலில், கொப்புளம் வராமல், அசையாமல் அரை நிமிஷம் நிற்கலாம்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் தீமிதி பார்த்தவர்கள் இங்கே யோசிக்க வேண்டும். தணலில் விரைந்து நடப்பது வேறு, நிற்பது வேறு. தணலிலிருந்து காலுக்குச் சூடு ஏறக் கொஞ்சம் நேரமாகும். அதற்குள் அடுத்த அடி வைத்துவிடலாம். நின்றால்? அதனால்தான் கோவூர் நிற்கச் சொன்னார்!

கடைசிவரை அந்த லட்சத்தை யாரும் வாங்கவில்லை. கோவூர் கொஞ்சம் முரட்டுப் பேர்வழி. பலருடைய மனத்தையும் புண்படுத்தினார். ஆனாலும் நிரூபித்துக் காட்டினால் பணத்தைக் கொடுக்கக் காத்திருந்தார்.

1978-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி கொழும்பில் காலமானார். தமக்குச் சடங்கு வேண்டாம் என்று முன்பே எழுதி வைத்திருந்தார். கண்கள் கண் வங்கிக்கு. உடல் மருத்துவ மாணவர்களுக்கு. எலும்புக்கூடு, அவர் பாடம் சொல்லித் தந்த தர்ஸ்டன் கல்லூரியின் விஞ்ஞான அறைக்கு!